ஏறுதலும் மீளுதலும்

திருவள்ளூர் மாவட்டத்தின் கீழ்க்கரையில், எண்ணூர்க் கழிமுகத்திற்கும் பழவேற்காட்டு ஏரிக்கும் இடையே, காட்டுப்பள்ளி என்னும் ஊர் அமைந்துள்ளது. கிழக்கே வங்கக் கடல். மேற்கே பக்கிங்காம் கால்வாயும் உவர்நீர்க் கழிகளும். இவற்றினிடையே மணல் திட்டாய் நீண்டு கிடக்கும் நெய்தல் நிலம் அது. முன்னாளில் மீன் பிடித்தலே பெருந்தொழிலாய் இருந்த அவ்விடத்தில் இன்று துறைமுகமும், கப்பல் கட்டும் தளமும், கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையமும் உள்ளன. அங்கு நின்று நாற்புறமும் நோக்கினால் வானளாவ நிற்பன பாரந்தூக்கிகளும் அனல்மின் நிலையத்துப் புகைபோக்கிகளுமே. மலை என்று சொல்லத்தக்க மேடு ஒன்றும் கண்ணுக்குப் புலப்படாது.

மலை இல்லாத நாட்டில் வாழ்வோர்க்கு மலையின்மீது வேட்கை மிகுதல் இயல்பு. ஆறு நாள் உழைத்து ஏழாம் நாள் ஓய்வு பெறும் இளைஞர் பலர், ஏதேனும் ஒரு மலைமுடியை ஒருமுறையேனும் ஏறிக் காண விழைகின்றனர். விடியலில் அடிவாரத்திலிருந்து புறப்பட்டு, வழிகாட்டியின் துணையுடன் முடியை அடைந்து, பொழுது சாயுமுன் இறங்கிவிடும் ஒருநாள் மலையேற்றங்கள் இந்நாளில் பல இடங்களிலும் நடைபெறுகின்றன. அதற்குக் கட்டணம் உண்டு, பயணச் செலவு உண்டு, உடல் வருத்தம் உண்டு, இடரும் உண்டு. இத்தனையும் கொடுத்து ஒரு முடியை ஏறி இறங்குதல் தகுமா என்னும் வினா எழுகின்றது. 'தகும்' என்று ஒரு சொல்லில் விடை கூறுவோரும் உளர். 'வீண்' என்று தள்ளுவோரும் உளர். இருவரும் வினாவை முழுதும் நோக்கினார் அல்லர்.

இவ்வினாவை ஆராயும் முறையைக் காட்டுப்பள்ளிக் கரையிலேயே கற்றுக்கொள்ளலாம். கடலில் படகைத் தள்ளுமுன் பழகிய மீனவர் சிறிது நேரம் கரையில் நிற்பார். காற்று எத்திசையிலிருந்து வீசுகின்றது, நீரோட்டம் எப்பக்கம் இழுக்கின்றது, கீழ்வானத்தில் மேகம் எவ்வாறு திரள்கின்றது என்று பார்ப்பார். 'இன்று மீன் கிடைக்குமா?' என்பது அவர் மனத்தில் இரண்டாவதாக எழும் வினாவே. 'போனால் திரும்பி வர இயலுமா?' என்பதே முதல் வினா. திரும்ப இயலாது என்று தோன்றினால் படகு மணலிலேயே கிடக்கும். அன்று கடலுக்குப் போகாதவரைக் கோழை என்று அவ்வூரில் ஒருவரும் இகழார். கடலை அறிந்தவர் என்றே மதிப்பர்.

மலைக்கும் இதுவே முறை. ஆயின், கடலோரத்தார்க்குக் கடல் பழகியது; மலை பழகாதது. பழகாத இடத்தில் எவற்றைப் பார்க்க வேண்டும் என்பதை முயன்று கற்றல் வேண்டும்.

முதலில், மலையேற்றத்தால் விளையும் பயன்களை நோக்குவோம். நிலமட்டத்திலிருந்து ஒவ்வோர் ஆயிரம் மீட்டர் உயரச் செல்லச் செல்ல, காற்றின் வெம்மை ஏறத்தாழ 6 அல்லது 7 பாகை செல்சியசு குறைகின்றது. நூலில் படித்த இவ்வுண்மையை மலையேறுபவர் தம் உடம்பினாலேயே உணர்கின்றார். அடிவாரத்து முட்புதர்கள் மறைந்து, இலையுதிர் மரங்கள் தோன்றி, அவையும் கழிந்து, மேற்குத் தொடர்ச்சி மலையின் உயர்ந்த பகுதிகளில் புல்வெளியும் சோலைக்காடும் மாறிமாறி வருதலை ஒரே நாளில் கண்ணாரக் காண்கின்றார். மழைநீரைத் தம் வேர்களிலும் மண்ணிலும் தேக்கிவைத்து, மழையில்லா மாதங்களிலும் சிறிது சிறிதாகக் கசியவிடுவன அச்சோலைகளே. தாமிரபரணியும் பவானியும் கோடையிலும் ஓடுதற்கு அவையே காரணம் என்பதை, பாறையிடுக்கில் கசியும் நீரைக் கையில் ஏந்திப் பார்த்தவர் எளிதில் மறவார். நெடுநேரம் நடந்து பசித்து இளைத்த பொழுதில், தோழர் தம் கையிலுள்ள நீரைப் பகிர்ந்தளிக்கும் அன்பும் அங்கே புலப்படும். இவை சிறிய பயன்கள் அல்ல.

எனினும், பயன் பெரிது என்பதனால் மட்டும் ஒரு செயல் தக்கதாகிவிடாது. அதனை எவ்வாறு செய்கின்றோம் என்பதும் கருதத் தக்கது.

பழந்தமிழர் இதனை நன்கு உணர்ந்திருந்தனர். பத்துப்பாட்டு என்னும் தொகுப்பின் இறுதியில் நிற்பது மலைபடுகடாம். 583 அடிகளைக் கொண்ட இப்பாட்டை இயற்றியவர் இரணியமுட்டத்துப் பெருங்குன்றூர்ப் பெருங்கௌசிகனார். இன்றைய திருவண்ணாமலை மாவட்டத்துச் செங்கம் பகுதியை ஆண்ட நன்னன் என்னும் தலைவனைக் கண்டு பரிசில் பெற்று மீண்ட கலைஞன் ஒருவன், எதிர்ப்படும் கூத்தர்க்கு அம்மலை நாட்டு வழியை எடுத்துரைப்பதாக இப்பாட்டு அமைந்துள்ளது. இதற்குக் கூத்தராற்றுப்படை என்னும் பெயரும் உண்டு.

அக்கலைஞன் நன்னனுடைய கொடையை மட்டும் புகழ்ந்து கூத்தரை விரைந்து போகுமாறு ஏவவில்லை. காட்டுப்பன்றிக்கு வைத்த பொறிகள் வழியில் உண்டு. ஆதலின் பொழுது நன்கு புலர்ந்த பின்னரே செல்லுங்கள் என்கின்றான். பாம்புகள் பதுங்கும் குழிகளைப் பற்றி எச்சரிக்கின்றான். தினைப்புனம் காப்போர் எறியும் கவண்கல் வந்து விழும். மரங்களின் மறைவில் ஒதுங்கிச் செல்லுங்கள் என்கின்றான். வழுக்கும் நிலத்தில் கொடிகளைப் பற்றிக்கொண்டு நடக்கவும், இரவு வந்துவிட்டால் குகையில் தங்கவும் சொல்லித் தருகின்றான். வழி தவறினால் இசைக்கருவிகளை இயக்குங்கள்; ஒலி கேட்டுக் கானவர் வந்து உதவுவர் என்றும் கூறுகின்றான். அடையப்போகும் பரிசிலைச் சொல்லும் அதே வாயால் வழியிலுள்ள இடர்களையும் ஒளியாமல் சொல்லுகின்றான். நல்ல வழிகாட்டிக்கு இலக்கணம் இதுவே. மலையின் அழகை மட்டும் விரித்துரைத்து இடரை மறைப்பவர் வணிகராகலாம், வழிகாட்டி ஆகார்.

இவ்விலக்கணம் இக்காலத்திற்கும் எத்துணை இன்றியமையாதது என்பதை 2018ஆம் ஆண்டு தமிழகம் கண்ணீரோடு அறிந்தது. தேனி மாவட்டத்தில், போடிநாயக்கனூருக்கு மேற்கே குரங்கணி என்னும் மலையூர் உள்ளது. சென்னையிலிருந்தும், ஈரோடு, திருப்பூர்ப் பக்கங்களிலிருந்தும் இரு குழுவினர் அப்பகுதிக்கு மலையேறச் சென்றனர். அவர்களுள் பலர் இளைஞர், பெண்களும் பலர். மார்ச்சு 11ஆம் நாள் அம்மலைச்சரிவில் காட்டுத்தீ மூண்டது. கோடையின் தொடக்கம், ஆள் உயரப் புல் காய்ந்து சருகாய் நின்றது. காற்றும் வலுத்தது. தப்ப வழி தெரியாது சிதறி ஓடியோர் நெருப்பின் இடையே அகப்பட்டனர். ஊர் மக்களும், வனத்துறையினரும், தீயணைப்புப் படையினரும் மீட்புக்கு விரைந்தனர். விமானப் படையின் எலிகாப்டர்களும் வந்தன. எனினும், அந்நாளிலும் அதன்பின் மருத்துவமனைகளிலுமாக 20-க்கும் மேற்பட்டோர் உயிர் இழந்தனர்.

மலைச்சரிவில் தீ பரவும் முறையைச் சமவெளியில் வாழ்வோர் அறிந்துகொள்ளுதல் வேண்டும். தீயின் வெம்மை மேல்நோக்கிச் செல்லும் தன்மையது. சமநிலத்தில் அது வானத்தை நோக்கி எழுந்து போய்விடும். சரிவிலோ, மேலே நிற்கும் புல்லையும் புதரையும் அது முன்னரே காய்ச்சி உலர்த்திவிடுகின்றது. ஆதலின் கீழிருந்து வரும் தீ, சரிவு செங்குத்தாக ஆக ஆக விரைவு மிகுந்து மேலேறும். பகற்பொழுதில் வெயிலால் சூடேறிய காற்றும் சரிவின் வழியே மேல்நோக்கி வீசித் தீக்குத் துணை செய்யும். இரு மேடுகளுக்கு இடைப்பட்ட குறுகிய ஓடை புகைபோக்கியைப் போலத் தீயையும் புகையையும் ஈர்த்துக்கொள்ளும். இவ்வுண்மைகளை அறியாதவர், தீயைக் கண்டவுடன் மேல்நோக்கி ஓடுதலும், பள்ளம் பாதுகாப்பானது என்று எண்ணி அதனுள் ஒதுங்குதலும் கூடும். மனிதர் ஓட்டம் சரிவில் தளரும். தீயின் ஓட்டம் சரிவில் மிகும். ஆகவே, காட்டுத்தீப் பருவத்தில் காய்ந்த புல்மலைக்குப் போகாமையே முதற்காப்பு. அப்பருவத்தில் தடங்களை மூடுதல் இன்பத்துக்கு இடையூறு செய்வதன்று. உயிருக்கு வேலி இடுவதாகும்.

அத்துயர நிகழ்ச்சிக்குப் பின் அரசு விசாரணைக்கு ஆணையிட்டது. மலையேற்றத்தை ஒழுங்குபடுத்தும் விதிகளும் 2018ஆம் ஆண்டிலேயே வகுக்கப்பட்டன. காப்புக்காட்டினுள் இசைவின்றி நுழைதல் குற்றம் என்பது 1882ஆம் ஆண்டு வனச் சட்டத்திலேயே உள்ளது. ஆயின், இசைவு பெறும் வழி எளிதாகவும் தெளிவாகவும் இருந்தாலன்றி, மக்கள் குறுக்கு வழியை நாடுவர். 2024ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் தமிழ்நாடு அரசு மலையேற்றத் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. 14 மாவட்டங்களில் 40 தடங்கள் அதன்கண் அறிவிக்கப்பட்டன. அவை எளியவை, இடைநிலையானவை, கடினமானவை என மூவகையாகப் பகுக்கப்பட்டன. மலையடிவாரத்து ஊர்களையும் பழங்குடிகளையும் சேர்ந்த இளைஞர்க்குப் பயிற்சி அளித்து அவர்களையே வழிகாட்டிகளாக அமர்த்தினர். தலைமுறை தலைமுறையாகக் காட்டை அறிந்தவர்க்கு அவ்வறிவே பிழைப்பாகவும் அமைந்தமை போற்றத்தக்கது. மலையேறுவோர் கொடுக்கும் கட்டணத்தின் ஒரு பகுதி அக்குடும்பங்களின் அடுப்பில் உலையாகக் கொதிக்கின்றது என்பதும் 'தகுமா' என்னும் வினாவிற்குரிய விடையின் ஒரு கூறாகும்.

வழிகாட்டி உடன் வருகின்றார் என்பதனால் அச்சம் முற்றும் நீங்கிவிடுமோ எனின், நீங்காது. உலகில் மிக உயர்ந்த எவரெஸ்ட்டில் 1996ஆம் ஆண்டு மே மாதம் நிகழ்ந்ததே இதற்குச் சான்று. பெரும்பொருள் கொடுத்தோரைச் சிகரத்துக்கு அழைத்துச் சென்ற இரு குழுக்கள் மே 10ஆம் நாள் ஏறின. இரண்டின் தலைவர்களும் கைதேர்ந்த மலையேறிகள். பிற்பகல் 2 மணிக்குமேல் எவரும் மேலேறலாகாது, எங்கிருந்தாலும் திரும்பிவிட வேண்டும் என்பது அவர்கள் அறிந்திருந்த வரையறை. சிகரம் அண்மையில் தெரிந்தமையால் பலர் அந்நேரத்தைக் கடந்தும் ஏறினர். மாலையில் பனிப்புயல் வந்து சூழ்ந்தது. அன்றும் மறுநாளுமாக அம்மலையில் 8 பேர் மாண்டனர். அவ்விரு குழுக்களின் தலைவர்களும் அவர்களுள் அடங்குவர். பொருள் கொடுத்தவர் மனம் வருந்துமே என்று வழிகாட்டி தயங்குதலும், கொடுத்த பொருள் வீணாகுமே என்று உடன் செல்பவர் பிடிவாதம் கொள்ளுதலும் ஒன்றுசேர்ந்தால், அறிவு கெட்டுவிடும். ஆதலின், 'இன்று போதும், திரும்புவோம்' என்று சொல்லும் துணிவு வழிகாட்டிக்கும், அதனைக் கேட்டு முகம் கோணாமல் திரும்பும் பண்பு மலையேறுபவர்க்கும் வேண்டும். கட்டணம் சிகரத்துக்கு விலை அன்று. தக்க நேரத்தில் தடுத்து நிறுத்தும் அறிவுக்கு விலை.

திரும்பும் நேரத்தை எவ்வாறு கணக்கிடுவது? ஸ்காட்லாந்து நாட்டு மலையேறியாகிய வில்லியம் நெய்ஸ்மித் என்பார் 1892ஆம் ஆண்டில் எளிய கணக்கு ஒன்றைக் கூறினார். மீட்டர் அளவையில் அதனை ஏறத்தாழப் பின்வருமாறு சொல்லலாம்: 5 கிலோமீட்டர் தொலைவுக்கு 1 மணி நேரம், அதனோடு, 600 மீட்டர் ஏற்றத்துக்கு மேலும் 1 மணி நேரம். ஒரு முடிக்குச் செல்லும் வழி 6 கிலோமீட்டர் என்றும், ஏற்றம் 900 மீட்டர் என்றும் கொள்வோம். தொலைவுக்கு 1 மணி 12 நிமிடம். ஏற்றத்துக்கு 1 மணி 30 நிமிடம். ஆக 2 மணி 42 நிமிடம் ஆகும்.

ஆயின், இக்கணக்கு குளிர்நாட்டில் நடந்து பழகிய வல்லவர்க்கு உரியது. நம் நாட்டு வெயிலில், பாறைவழியில், பழகாத கால்களோடு ஏறுவோர் இதனை இரட்டித்துக் கொள்ளுதல் நன்று. ஏறத்தாழ ஐந்தரை மணி ஆகும். காலை 6 மணிக்குப் புறப்பட்டால் முடியை அடைய 11:30 மணி. உண்ணவும் இளைப்பாறவும் 1 மணி. இறங்க 4 மணி. அடிவாரத்தை அடையும்போது மாலை 4:30 ஆகிவிடும். மலைக்காட்டில் கதிரவன் மறையுமுன்பே பள்ளங்களில் இருள் கவியும். ஆகவே, கையிருப்பாக எஞ்சி நிற்பது ஏறத்தாழ ஒன்றரை மணி நேரமே. ஒருவர் கால் பிசகினாலும், ஒரு யானைக்கூட்டம் வழிமறித்தாலும் அந்தக் கையிருப்பு கரைந்துவிடும். எனவே, 'முடி எட்டினாலும் எட்டாவிட்டாலும் நண்பகல் 12:30 மணிக்குத் திரும்புவோம்' என்று அடிவாரத்திலேயே உறுதி செய்துகொள்ளுதல் வேண்டும். உச்சியருகில் நின்று எடுக்கும் முடிவில் ஆசை கலந்துவிடும்.

இறங்குதல் எளிது என்று எண்ணுவோர் பலர். அதுவும் பிழையே. ஏறும்போது மூச்சு வாங்கும். இறங்கும்போது முழங்கால் வருந்தும். உடலின் எடை ஒவ்வோர் அடியிலும் தொடைத்தசைகளையும் முழங்காலையும் தாக்கும். காலையில் உறுதியாய் இருந்த கால் மாலையில் நடுங்கும். கவனமும் தளரும். ஏறுதற்கு உள்ள வலிமை முழுவதையும் உச்சியிலேயே செலவிட்டுவிட்டவர், பாதி வேலையைத்தான் முடித்தவர் ஆவார்.

அடுத்து நோக்கத்தக்கது உடல்நிலை. நொய்யல் ஆறு தோன்றும் வெள்ளியங்கிரி மலை கோவை மாவட்டத்தில் உள்ளது. ஏழு மலைகளை ஏறி இறங்கும் அவ்வழி மிகக் கடினமானது. ஆண்டுதோறும் பிப்ரவரி முதல் மே வரையிலான பருவத்தில் பக்தர்கள் திரளாக அங்கே செல்கின்றனர். 2024ஆம் ஆண்டுப் பருவத்தில் அவர்களுள் சிலர் மூச்சுத்திணறலாலும் மாரடைப்பாலும் மலைவழியிலேயே உயிர் நீத்தனர். நெஞ்சு நோயும், மூச்சு நோயும், மிகு குருதி அழுத்தமும் உடையோர் மருத்துவரைக் கேளாமல் ஏறலாகாது என்பதை இது வலியுறுத்துகின்றது.

நோயில்லாத இளைஞரும் ஒன்றை எண்ணிப் பார்த்தல் வேண்டும். காட்டுப்பள்ளியில் சனிக்கிழமை வேலை முடித்தவர், சென்னைக்கு வந்து, இரவுப் பேருந்தில் 500 கிலோமீட்டர் கடந்து, விடியலில் கோவையில் இறங்கி, உறக்கமின்றி மலையேறத் தொடங்குகின்றார் என வைத்துக்கொள்வோம். அவர் உடலில் பாதி வலிமை பேருந்திலேயே கழிந்திருக்கும். மாலையில் இறங்கி, மீண்டும் இரவு முழுதும் பயணம் செய்து, திங்கட்கிழமை காலையில் பாரந்தூக்கியின் அடியிலோ, கொதிகலன் அருகிலோ வேலைக்கு நிற்பார். அங்கே ஒரு நொடி கண் அயர்ந்தால் தமக்கு மட்டுமன்றி உடன் உழைப்போர்க்கும் தீங்கு நேரும். மலையில் தப்பிய இடர் தொழிற்கூடத்தில் வந்து சேரலாம். ஆகவே, ஒருநாள் மலையேற்றத்துக்கு ஒருநாள் விடுமுறை போதாது. முன்னே ஓர் இரவு உறக்கமும் பின்னே ஒரு நாள் ஓய்வும் கிடைக்குமாயின் போகலாம். கிடையாதாயின் கிடைக்கும் வரை பொறுக்கலாம். மலை எங்கும் போய்விடாது.

பொறுத்தவர் இழந்ததில்லை என்பதற்கு டென்சிங்கின் வாழ்க்கையே விளக்கம். 1952ஆம் ஆண்டு மே 28ஆம் நாள், டென்சிங் நார்கேயும் சுவிட்சர்லாந்து நாட்டவரான ரேமண்ட் லாம்பர்ட்டும் எவரெஸ்டில் ஏறத்தாழ 8,600 மீட்டர் உயரம் வரை ஏறினர். அதற்கு முன் மாந்தர் எவரும் அவ்வளவு உயரம் ஏறி மீண்டதாகச் சான்று இல்லை. உச்சிக்கு இன்னும் ஏறத்தாழ 250 மீட்டரே எஞ்சியிருந்தது. ஆயின், மூச்சுக் கருவி சரிவர உதவவில்லை, உடல் தளர்ந்தது, பொழுதும் போதாது. மேலும் சென்றால் சிகரத்தை அடையலாம், ஆனால் மீள இயலாது என்பதை இருவரும் உணர்ந்தனர், திரும்பினர். 1953ஆம் ஆண்டு மே 29ஆம் நாள், அதாவது சரியாக ஓராண்டும் ஒரு நாளும் கழித்து, டென்சிங் எட்மண்ட் ஹில்லரியுடன் அச்சிகரத்தில் நின்றார். முன்னாளில் திரும்பாதிருந்தால் பின்னாளில் நின்றிருக்க மாட்டார். வெற்றியின் வித்து அந்தத் திரும்புதலிலேயே இருந்தது.

இனி, பெருமுடியை ஏறத் துடிக்கும் காட்டுப்பள்ளி இளைஞர் முதலில் எங்கே செல்வது என்பதை நோக்குவோம். வெகுதொலைவு போக வேண்டுவதில்லை. காட்டுப்பள்ளிக்குத் தெற்கே எண்ணூர்க் கழிமுகத்தில் கடலொடு கலக்கின்றது கொசத்தலையாறு. அவ்வாற்றை எதிர்த்து மேற்கே சென்றால், 1944ஆம் ஆண்டில் கட்டி முடிக்கப்பட்ட பூண்டி நீர்த்தேக்கம் வரும். அதற்கு அப்பால் தாழ்ந்த குன்றுகள் தொடங்குகின்றன. அங்கேதான் குடியம் குகைகள் உள்ளன. அரசு அறிவித்த 40 தடங்களுள் குடியமும் ஒன்று. திருவள்ளூர் மாவட்டத்துக்கே உரியது.

அதன் அண்மையில் உள்ள அத்திரம்பாக்கத்தில் 1863ஆம் ஆண்டில் இராபர்ட் புரூஸ் பூட், வில்லியம் கிங் என்னும் நிலநூல் அறிஞர் இருவர் பழங்கற்காலக் கருவிகளைக் கண்டறிந்தனர். அங்குக் கிடைத்த கற்கருவிகளுள் மிகப் பழையவை ஏறத்தாழ 15 இலட்சம் ஆண்டுகளுக்கு முற்பட்டவை என்று 2011ஆம் ஆண்டில் வெளியான ஆய்வு நிறுவியது. குடியத்துக் குகைகளிலும் பழங்கற்கால மாந்தர் ஒதுங்கி வாழ்ந்த தடயங்கள் கிடைத்துள்ளன. சிவந்த கூழாங்கற்கள் செறிந்த அப்பாறைக்கூரையின்கீழ் நிற்பவர்க்கு, உயரம் சிறிதாயினும் காலத்தின் ஆழம் பெரிதாகத் தோன்றும்.

குடியம் சென்று மீள ஒரு நாள் போதும். இரவுப் பயணம் வேண்டா. முள்ளும் கல்லும் நிறைந்த வழியில் சில மணி நேரம் நடக்கும்போது, தம் காலின் வலிமை எத்தகையது, எவ்வளவு நீர் வேண்டும், காலணி கடிக்கின்றதா, வெயிலைத் தாங்க இயலுமா என்பனவெல்லாம் தாமே விளங்கும். அங்கேயே மூச்சு முட்டினால் பெருமுடிக்கு இன்னும் காலம் வரவில்லை என்று பொருள். நாள்தோறும் காலையில் ஒரு மணி நேரம் கடற்கரை மணலில் விரைந்து நடந்து பழகலாம். மணல்நடை காலுக்கு நல்ல பயிற்சி. சில திங்கள் கழித்து மீண்டும் குடியம் சென்று பார்க்கலாம். எளிய தடம், பின்னர் இடைநிலைத் தடம், அதன்பின் கடினமான முடி என்று படிப்படியாக ஏறுதலே முறை. 18 வயது நிரம்பாத மாணவர்க்குப் பெற்றோரின் இசைவும் இன்றியமையாதது.

இதுகாறும் கூறியவற்றால், வழிகாட்டியுடன் ஒரு முழுநாள் மலைமுடி ஏறுதல் தகுமா என்னும் வினாவிற்கு விடை தெளிவாகின்றது. மலை யாவர்க்கும் ஒன்றே. தகுதியோ ஆளுக்கு ஆளும் நாளுக்கு நாளும் வேறுபடும். இசைவு பெற்ற தடமாயிருத்தல், பருவம் ஏற்றதாயிருத்தல், இடரை மறையாது சொல்லும் வழிகாட்டி வாய்த்தல், உடலும் உறக்கமும் போதுமானவையாய் இருத்தல், திரும்பும் நேரம் முன்கூட்டியே உறுதி செய்யப்பட்டிருத்தல் ஆகிய ஐந்தும் அமைந்தால், அம்மலையேற்றம் கொடுத்த பொருளுக்கும் வருத்தத்திற்கும் மேலான பயனைத் தரும். முடியை எட்டாமல் பாதியில் திரும்பினும் அப்பயன் குறையாது. சோலையும் ஓடையும் நட்பும் வழியிலேயே உள்ளன. ஐந்தனுள் ஒன்று குறைந்தாலும் அன்றைக்கு அது தகாது. வேறொரு நாள் தகும்.

மலைமேல் நின்று எடுத்த படத்தைப் பலர் பிறர்க்குக் காட்டி மகிழ்கின்றனர். இல்லத்தில் காத்திருப்பவர் அதனைக் கண்டு மகிழ்வது, சென்றவர் வாயிற்படியில் வந்து நின்ற பின்னரே. கரையில் நின்று கடலை நோக்கும் மீனவர் மனைவியும் படகில் உள்ள மீனை எண்ணுமுன் படகில் உள்ள ஆளைத்தான் எண்ணுகின்றாள். மலையேறப் புறப்படும் மாணவரும் இளைஞரும் இதனை நெஞ்சில் இருத்திச் செல்வாராக.